ஐந்துக்கு மூன்று

"சிக்யூ, சிக்யூ, சிக்யூ..."

கண்ணாடிக்கடைக்காரர் கடையிலிருந்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல், வீட்டு ரேடியோ நிலையத்தின் மைக் பொத்தானை அமுக்கி உலகத்தையே கூப்பிடுகிறார். கேட்பவர் யாராக இருந்தாலும் பதில் சொல்லலாம் என்பதுதான் அந்தப் பொது அழைப்புக்கு அர்த்தம். கடைக்குள் ஆள் நுழைந்தாலே மேஜைக்கடியில் எதையோ தேடத் தொடங்கும் கூச்ச சுபாவி அவர். மைக்கைத் தொட்டால் மட்டும் குரலுக்கு மீசை முளைத்துவிடும். சாப்பாட்டு மேஜையிலும் பழக்கம் விடாது. "உப்பு கம்மி. ஓவர்" என்பார். மனைவி பதில் சொல்லும்வரை அடுத்த வாய் எடுக்கமாட்டார்.

உண்மையில் உலகம் அவருக்கு வேண்டியதில்லை. கூப்பிடுவதற்கு முன் கருவியின் சக்தியை அடிமட்டத்துக்குத் திருகிவிடுவார். எதிர்வீடுவரை எட்டினால் அதிகம். அழைப்பு போய்ச் சேரவேண்டிய இடம் நேர் மேலே, மாடி. அங்கே இருப்பவர் மனைவியின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக், அவரும் ரேடியோப் பைத்தியம்.

எதிராளியின் குரல் எவ்வளவு தெளிவு என்று ஐந்துக்கு மதிப்பெண் சொல்வது ரேடியோக்காரர்களின் வழக்கம். கொரகொரவென்று கேட்டாலும் ஐந்து போட்டுவிட்டு நலம் விசாரிப்பதுதான் மரியாதை. மச்சானோ, நண்பர்கள் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தபோது மூன்று போட்டார். "உள்ளதத்தானே சொன்னேன் மாமா, தகர டப்பாவுக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு." அன்றோடு பேச்சுவார்த்தை அறுந்தது.

குறிப்பிட்டுக் கூப்பிட்டால் இறங்கிப் போனதாகிவிடும். பொது அழைப்பென்றால் யாரையும் கூப்பிட்டதாகாது பாருங்கள்! ஆகவே கீழே இவர் உலகத்தைக் கூப்பிடுவார். முடித்ததும் மேலே அவர் கூப்பிடுவார். அது ரேடியோவிலும் கேட்கும், ஜன்னல் வழியாகவும் கேட்கும். யாரும் யாருக்கும் பதில் சொல்வதில்லை. "ஊரையெல்லாம் கூப்பிடுங்க, ஒருத்தர ஒருத்தர் மட்டும் கூப்பிட்டுடாதீங்க" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டால்தான் இவருக்குச் சோறு இறங்கும்.

அன்று மாலை மேலே சத்தமே இல்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். திடீரென்று கரகரப்புக்கு நடுவே யாரோ ஒருவர்! எங்கோ பெருங்கடலில் ஒரு தீவு, அங்கே வானிலை பார்க்கும் ஆள். இத்துனூண்டு சக்தி எப்படியோ கடல் தாண்டிவிட்டது. ரேடியோவில் எப்போதாவது அப்படி நடப்பதுண்டு. இதற்காக ஆயுள் முழுக்கத் தவம் கிடப்பவர்கள் இருக்கிறார்கள். தீவுக்காரர் குதூகலமாக ஐந்துக்கு ஐந்து போட்டார். நம்மவர், வேறொருவருக்காகக் காத்திருப்பதாகவும் தயவுசெய்து வழிவிடும்படியும் சொல்லி அவரை அனுப்பிவிட்டார்.

"அவனுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, குரலே எழும்பல" என்றாள் மனைவி. "மேல போய்ப் பாத்துட்டு வந்தா என்ன, நாலு படிதானே?"

"போனா நான் தோத்த மாதிரி ஆயிடும். ஓவர்."

சொல்லிவிட்டாரே தவிர, மனசு கேட்கவில்லை. தொண்டை மட்டும்தானா, காய்ச்சலும் சேர்ந்திருக்குமா? சாப்பாட்டு நாற்காலிமேல் ஏறினார். ஒட்டடைக் கம்பை எடுத்துக் கூரையில் தந்தி மொழியில் புள்ளியும் கோடுமாகத் தட்டினார். இந்த முறை உலகத்தை அல்ல. ரேடியோவில் மச்சானை மட்டுமே குறிக்கும் நிலையப் பெயரை, ஓர் எழுத்து விடாமல்.

மேலேயிருந்து டொக்கென்று ஒரு தட்டு. இரண்டு. மூன்று. அதோடு நின்றது.

"டேய்!" என்று மனைவி கூரையைப் பார்த்துக் கத்தினாள்.

நான்கு. பிறகு நீளமாக ஓர் இருமல். கம்பை உயர்த்திப் பிடித்தபடியே நின்றவர், ஐந்தாவது தட்டு விழும்வரை நாற்காலியைவிட்டு இறங்கவில்லை.