சும்மாவுக்கு ஒதுக்கப்பட்ட சுவர்

கடைக்குள் யாராவது நுழைந்தால் என் மாமா முதல் வேலையாகத் தன் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். வலது காதிலிருந்து மெல்ல விடுவித்து, இடது காதில் ஒரு கணம் தொங்கவிட்டு, பிறகு முழுதாக எடுத்து, இரண்டு பக்கமும் வாயால் ஊதி, சட்டை நுனியால் துடைப்பார். சட்டைத் துணியால் துடைத்தால் கீறல் விழும் என்று வருகிறவர்கள் எல்லோருக்கும் சொல்லி, அதற்கென்று மெத்தென்ற துணி ஒன்றைக் கொடுத்தனுப்புகிறவரும் அவரேதான். துடைத்து முடிக்கும்வரை எதிரே நிற்பவர் அவருக்கு வெறும் புகைமூட்டம். அந்தப் புகையைப் பார்த்து, "வாங்க, உக்காருங்க. தூரமா, கிட்டவா?" என்று கேட்டுவிடுவார். வந்தவரின் சட்டையில் கதவு குத்தியிருக்கிறதா, ஜன்னல் குத்தியிருக்கிறதா என்று தெரிவதற்குள் வரவேற்று முடித்துவிட வேண்டும். அது அவர் கணக்கு.

கதவும் ஜன்னலும் எங்கள் ஊரின் இரண்டு கட்சிகள். முன்னேற்றம் கதவு வழியாகத்தான் வரும் என்பது ஒன்றின் கொள்கை. காற்றும் வெளிச்சமும் இல்லாமல் என்ன முன்னேற்றம் என்பது மற்றதன் கேள்வி. டீக்கடை இரண்டு, சலூன் இரண்டு, பல் பிடுங்குகிறவர்கூட இரண்டு பேர். கண்ணாடிக்கடை மட்டும் ஒன்று. மாமா அதில் உட்கார்ந்து ஊர் முழுவதற்கும் கண் பார்த்தார். அத்தை உள்ளறையில் சக்கரத்தின் முன்னால் அமர்ந்து, கண்ணாடிகளின் விளிம்பைத் தேய்த்துச் சட்டத்துக்குள் பொருத்துவாள். மாடி அறையில் நான் குடியிருந்தேன். மாமா என் அம்மாவின் தம்பி என்பதால் எனக்கு வாடகை கிடையாது. கண்ணாடிக்கும் காசு கிடையாது.

மாமா பிறவியிலேயே இப்படி இருந்தவர் அல்ல. வாலிபத்தில் அவர் கதவுக் கட்சியின் தொண்டை. ஊர்வலத்தில் முன்னால் போய்க் கோஷம் எடுத்துக் கொடுப்பது அவர்தான். ஒரு முறை அம்மைக்கட்டு வந்து கன்னம் வீங்கிப் படுத்திருந்தார். அந்த வாரத்தில் கதவுக் கட்சித் தலைவர் தன் ஆட்களையெல்லாம் கூட்டிக்கொண்டு ஜன்னலுக்குப் போய்விட்டார். கோபித்துக்கொண்ட ஜன்னல் தலைவர் தன் ஆட்களோடு கதவுக்கு வந்துவிட்டார். வீக்கம் வடிந்து மாமா கூட்டத்துக்குப் போனபோது, மேடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அவர் போன மாதம்வரை "ஒழிக" சொன்னவர்கள். பேச்சு மட்டும் பழைய பேச்சுதான். ஜன்னல் என்ற இடத்தில் கதவு, கதவு என்ற இடத்தில் ஜன்னல். சில இடங்களில் மாற்ற மறந்திருந்தார்கள். அதற்கும் கை தட்டினார்கள்.

மறுநாளே விலகப் போனார். அலுவலகத்தில் இருந்தவர் தலையைச் சொறிந்தாராம்.

"விலகுறதுன்னா எப்படிண்ணே? அந்தப் பக்கம் போய்ச் சேருங்க. இங்க தானா விலகிடும்."

"நான் எங்கயும் சேரலப்பா. சும்மா வீட்டுக்குப் போறேன்."

"அப்படி ஒரு வழி நம்மகிட்ட இல்லையேண்ணே."

வழி இல்லாமலேயே வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு, எந்தப் பக்கம் என்று யார் கேட்டாலும் அவருடைய பதில் ஒன்றுதான்: "நான் சும்மாங்க."

கண் பார்க்கும்போது இரண்டு கண்ணாடிகளை மாற்றி மாற்றி வைத்து, "இதுவா, இதுவா? எதுல தெளிவா இருக்கு?" என்று கேட்பார். கடைசியில் ஒரு கட்டத்தில், "ரெண்டும் ஒண்ணாத்தாங்க தெரியுது" என்பார்கள். அதோடு சோதனை முடிந்தது, அளவு கிடைத்துவிட்டது என்று அர்த்தம். மாமா ஒருமுறை என்னிடம் சொன்னார்: "இந்தப் பதிலை வெளிய சொன்னா அடிக்க வர்றான். என் நாற்காலியில மட்டும்தான்டா இது சரியான பதில்."

தொல்லை சுவரில் வந்தது. கடைக்குப் பக்கத்தில், முற்றத்துக்கும் தெருவுக்கும் நடுவே ஒரு மதில் நின்றது. ஒற்றைச் செங்கல் கனம், நடுவில் லேசான தொப்பை. ஆனால் தெரு திரும்பும் இடத்தில் இருந்ததால் போகிற வருகிற அத்தனை பேர் கண்ணிலும் பட்டது. தேர்தல் வந்தால் சுவர்களுக்கு எங்கள் ஊரில் ஒரு மரியாதை உண்டு. 'இந்தச் சுவர் ஒதுக்கப்பட்டது' என்று எழுதி, கீழே கட்சியின் பெயரையும் போட்டுவிட்டால் அடுத்த கட்சி அதைத் தொடாது. தலையை உடைப்பார்கள், ஒதுக்கிய சுவரை அழிக்க மாட்டார்கள். வீட்டுக்காரரைக் கேட்கும் வழக்கம் மட்டும் இல்லை.

அந்த வருடம் இரண்டு கட்சிச் செயலாளர்களும் ஒரே காலையில் வந்து சேர்ந்தார்கள். கதவுச் செயலாளருக்கு வெங்கலம் என்று பெயர். அவர் ரகசியம் பேசினால் அடுத்த தெருவில் குழந்தை விழித்துக்கொள்ளும். ஜன்னல் செயலாளரைப் பஞ்சு என்பார்கள். அவர் மிரட்டினாலும் நலம் விசாரிப்பதுபோல் இருக்கும்.

"சுவரை நம்ம கணக்குல வச்சிட்டேன் கண்ணாடிக்காரரே!" என்றார் வெங்கலம்.

"அண்ணன் சத்தம் போடுறாரு. சத்தம் போட்டா சுவருக்கு ஆகாதுங்க. நம்மகிட்ட விட்டுடுங்க, பத்திரமா இருக்கும்," என்றார் பஞ்சு. "நீங்களும் பத்திரமா இருப்பீங்க."

மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "சுவரு எனக்கு வேணும்யா."

"எதுக்கு?"

"சும்மா பாக்கறதுக்கு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை இப்படியே விட்டால் நாளைக்குள் எழுதிவிடுவார்கள் என்று மாமாவுக்குத் தெரியும். அன்றே பெயின்டரைக் கூப்பிட்டு வெள்ளையடிக்கச் சொன்னார். யாரும் தொடாமல் இருக்க, மேலே அந்த ஒரு வரியை மட்டும், 'இந்தச் சுவர் ஒதுக்கப்பட்டது' என்று, எழுதச் சொன்னார். பெயின்டர் ஏணியில் ஏறினார். மாமா உள்ளே ஒருவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒதுக்கப்பட்டது எழுதிட்டேன். கீழ யாரு பேரு?"

"பேரெல்லாம் வேணாம்பா!"

"பேரு இல்லாம எப்படிண்ணே? கீழ என்ன வரணும்?"

"சும்மா!" என்று கத்தினார் மாமா.

மத்தியானம் வெளியே வந்து பார்த்தால், 'இந்தச் சுவர் ஒதுக்கப்பட்டது' என்பதற்குக் கீழே, ஓர் ஆள் உயரத்துக்கு, நிழல் விழும் எழுத்தில், சும்மா. கதவுப் பச்சையும் வேண்டாம், ஜன்னல் நீலமும் வேண்டாம் என்று பெயின்டர் மிச்சமிருந்த காவிமண் நிறத்தில் எழுதியிருந்தார். அத்தை வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, "உங்க பேரையே எழுதிட்டான்," என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். மாமா சிரித்தார். கெட்டியான எழுத்து, எந்தக் கட்சியும் இல்லை, யாரும் தொடப் போவதுமில்லை. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

சும்மாவை யார் ஆரம்பித்தது என்ற பேச்சு அன்று மாலையே கிளம்பிவிட்டது. ஓட்டைப் பிரிக்க ஜன்னல்காரன் செய்த வேலை என்றது கதவு. கதவுக்காரன் வேறு பெயரில் வருகிறான் என்றது ஜன்னல். இரண்டு நாளில் கடை வாசலில் வரிசை நின்றது. முன்னால் ஓர் அம்மாள்.

"கண்ணாடி சும்மா தர்றீங்களாமே?"

"இல்லம்மா, அது அந்தச் சும்மா இல்ல."

"அப்ப எதுக்கு அவ்ளோ பெரிசா எழுதி வச்சிருக்கீங்க? படிக்க முடியாதவங்கதானே கண்ணாடி கேட்டு வர்றோம், நாங்களே படிச்சிட்டோம்!"

அவருக்கு மாமா சும்மாவே ஒரு கண்ணாடி கொடுத்தனுப்பினார். அது அடுத்த தவறு.

அடுத்து வந்தவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். இரண்டு கட்சியிலும் இருந்து, இரண்டிலும் பதவி கிடைக்காதவர். "சும்மாவுல சேரணும், என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

"சேர்றதுக்கு ஒண்ணும் இல்ல சார். சும்மா இருங்க."

வாத்தியார் கண் கலங்கிவிட்டார். "இவ்வளவு எளிமையா ஒரு கொள்கைய யாரும் எனக்குச் சொன்னதில்ல."

மறுநாள் 'சும்மா இருங்கள்' என்று துண்டறிக்கை வந்தது. பஸ் கண்டக்டர் ஒருவர், இரண்டு சலூன்களிலும் சண்டை போட்டுத் தாடி வளர்த்த ஒருவர், மாமியார் கதவு என்பதற்காகவே அதில் இருக்க முடியாத ஒரு மருமகள் என்று ஆட்கள் சேர்ந்தார்கள். எல்லோரும் மாமாவின் கடை நாற்காலிகளில் உட்கார்ந்து, சும்மா இருப்பது எப்படி என்று காலை முதல் மாலைவரை விவாதித்தார்கள். கண் பார்க்க வந்தவர்கள் நின்றுகொண்டே பார்த்துக்கொண்டு போனார்கள்.

"கண்ணைத் துடைக்கிற கடையில காலைத் துடைக்க இடமில்ல," என்றாள் அத்தை. "எழுந்து போகச் சொல்லுங்க."

"எந்தக் கட்சியும் வேணாம்னு வந்தவங்க. எப்படிப் போகச் சொல்ல?"

"அதான் கட்சியா உக்காந்திருக்காங்களே!"

பத்தே நாளில் சும்மாவும் பிளந்தது. வாத்தியாரின் தரப்பு, எது நடந்தாலும் சும்மா இருப்போம் என்றது. கண்டக்டரின் தரப்பு, யாரையும் சும்மா விட மாட்டோம் என்றது. கடைக்குள் இந்தப் பக்கம் "சும்மா இருப்போம்!" என்று கோஷம் எழும். அந்தப் பக்கம் "சும்மா விட மாட்டோம்!" என்று பதில் வரும். மாடியில் என் தலையணைக்குள் இரண்டும் கலந்து கேட்கும். வேறு எந்த மொழியிலும் இந்தக் கட்சி உடைந்திருக்க முடியாது.

மாமாவுக்குப் பொறுத்தது போதும் என்றாகிவிட்டது. ஒரு காலை சுண்ணாம்பைக் கரைத்து, மட்டையை எடுத்துக்கொண்டு சுவரை அழிக்கப் போனார். முதல் எழுத்தின் மேல் மட்டையை வைப்பதற்குள் வாத்தியார் ஓடி வந்து கையைப் பிடித்தார்.

"கட்சிச் சுவர்ல கை வைக்க நீங்க யாரு?"

"என் சுவர் சார் இது!"

"தனி ஆளை விடக் கட்சி பெரிசு."

"கட்சியே இல்ல சார் இது! பெயின்டர் தப்பா எழுதினது!"

"நிறுவனரே இப்படிப் பேசலாமா?" என்று கேட்டார் கண்டக்டர். சத்தம் கேட்டு வெங்கலமும் பஞ்சுவும் வந்துவிட்டார்கள். இருவரும் ஒரே பக்கமாக நின்றதை அன்றுதான் பார்த்தேன். ஒதுக்கிய சுவரை வீட்டுக்காரன் தன் இஷ்டத்துக்கு அழிக்கலாம் என்று வந்துவிட்டால், ஊரில் எந்தச் சுவர் நிற்கும்? வெங்கலம் இதைக் கத்தினார். பஞ்சு அதையே கனிவாகச் சொன்னார். எழுத்தை அழிக்கிற கையை ஊரே சேர்ந்து கவனிக்கும் என்று முடிவாயிற்று. கொள்கைக்காக அடித்துக்கொண்ட மூன்று கட்சிகளும், ஒருவன் தன் சுவரை வெறுமையாக வைத்துக்கொள்ளக் கூடாது என்பதில் மட்டும் ஒன்றாக இருந்தன.

மாமா மட்டையோடு கடைக்குள் வந்து உட்கார்ந்தார். முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. பிற்பகலில் வாத்தியாரும் கண்டக்டரும் சேர்ந்து வந்தார்கள். கட்சியை ஒன்றாக்க ஒரே வழிதான் இருக்கிறதாம். மாமா நிரந்தரத் தலைவர் ஆக வேண்டும்.

"சுவர்ல உங்க படம் வரைஞ்சிடலாம் தலைவரே, அந்தத் தொப்பை இருக்கிற இடத்துல. முகம் நல்லா எடுப்பா நிக்கும்," என்றார் கண்டக்டர்.

மாமா வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். "நாளைக்குச் சொல்றேன்," என்றார். அவர்களை நயமாக அனுப்பி வைக்கத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் விடிவதற்குள் நான் வேலை ஒன்றுக்காகப் பக்கத்து ஊருக்குப் போயிருந்தேன். திரும்பியபோது சுவர் இல்லை. தெருவிலிருந்து முற்றம் தெரிந்தது, முற்றத்துக்கு அப்பால் துணி காயும் கொடி தெரிந்தது. செங்கல் குவியலுக்கு நடுவே மாமா கையில் கடப்பாரையோடு நின்றார். புதுச் சட்டையில் சுண்ணாம்புத் தூசி. சுற்றிலும் கூட்டம். எழுத்தை அழிக்கக் கூடாது என்றுதான் முடிவு செய்திருந்தார்கள். சுவரையே எடுக்கக் கூடாது என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. வெங்கலம்கூட மெதுவாகத்தான் கேட்டார்: "இப்ப இது யாருக்கு ஒதுக்கினது?"

"இதுல என்ன இருக்கு ஒதுக்க?" என்றாள் அத்தை உள்ளேயிருந்து.

சும்மாக்காரர்கள் விடவில்லை. எழுத்துள்ள செங்கற்களைப் பொறுக்கி ஒரு பக்கமாக அடுக்கினார்கள். பங்கு பிரிக்கும்போது 'சும்' கண்டக்டருக்கும் 'மா' வாத்தியாருக்கும் போயிற்று. சும் அணி, மா அணி என்று இரண்டும் அந்தத் தேர்தலில் தனித்தனியாக நின்று தோற்றன. கதவும் ஜன்னலும் வழக்கம்போல் மாறி மாறி ஜெயித்தன.

மாமாவை அதற்குப் பிறகு யாரும் தொந்தரவு செய்யவில்லை. கொள்கைக்காகத் தன் சுவரையே இடித்தவர் என்று ஊரில் ஒரு மரியாதை வந்துவிட்டது. இரண்டு பக்கத்துப் பையன்களும் கூட்டம் முடிந்து போகும்போது, அவர் கடை வாசலில் கொடியைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடிப்பார்கள். எனக்கும் அவரைப் பற்றிப் பெருமையாகத்தான் இருந்தது. எழுதிவைத்த பதில்கள் இரண்டையும் மறுத்துவிட்டு, கேள்வித்தாளையே கிழித்தவர் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாமா காலமான அடுத்த வருடம், பக்கத்து வீட்டுக் குழாய்காரர் தன் கடப்பாரையைக் கேட்டு வந்தார். அதை எடுத்துக் கொடுத்துவிட்டு அத்தை என்னிடம் சொன்னாள்.

"அன்னிக்கி இதை இரவல் வாங்கிட்டு வந்தது நான்தான்டா. சுவரு ரெண்டு குத்துக்கே ஆடிச்சு, தள்ளிவிட்டேன். ஆளுங்க ஓடி வர்ற சத்தம் கேட்டதும் உன் மாமா கையில இதைக் குடுத்துட்டுக் கை கழுவப் போனேன். அது வரைக்கும் அவர் எங்க இருந்தாருங்கற? உள்ள, கண்ணாடி முன்னால. புதுச் சட்டை போட்டு, கையைத் தூக்கிப் பாத்துட்டிருந்தாரு. 'சும்மா இருக்கும் என் சொந்தங்களே'ன்னு மூணாவது தடவையா ஆரம்பிச்சாரு. நான் வெளிய போயிட்டேன்."