காப்புக் கட்டிய கையால் மாத்திரை எடுத்தேன்

நடந்ததை எண் போட்டு எழுதிவிடுகிறேன். அப்படி எழுதினால்தான் எதையும் விடாமல் சொல்வேன்.

1. தூக்க மாத்திரையை இரண்டு ஆண்டுகள் தினமும் விழுங்கினேன். முதலில் ஒன்று. கடைசியில் ஆறு.

2. ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் ஊரான காஹாங்கில், அம்மன் கோயிலில் பால்குடம் எடுக்கக் காப்புக் கட்டிக்கொண்டேன். அன்றே மாத்திரையை அடியோடு நிறுத்தினேன்.

3. நான்காம் நாள், திங்கட்கிழமை காலை, தெப்ராவில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் கேண்டீனில் வலிப்பு வந்து விழுந்தேன்.

4. எனக்குச் சாமி வந்துவிட்டது என்று நினைத்தார்கள். யாரும் தொடவில்லை.

5. மருத்துவமனையில் மாத்திரை கொடுத்தார்கள். விரதம் கெட்டுவிடும் என்று வாயை இறுக மூடிக்கொண்டேன்.

6. இரண்டு வாரத்துக்கான மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அது தீர்வதற்குள் எனக்கு ஒரு சிகிச்சைத் திட்டத்தில் இடம் கிடைத்தாக வேண்டும்.

7. எங்கும் இடம் இல்லை.

அம்மனை நம்பி வாழும் உங்களுக்கு இதை எழுதுவதில் எனக்கு வெட்கம் இருக்கிறது. எழுதாமல் இருந்தால் இன்னொரு பெண் என்னைப் போலவே விழுவாள் என்கிற பயம் அதைவிடப் பெரியது.

நான் மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். சின்னச் சின்ன மின்சுற்றுப் பலகைகள் ஒரு பெல்ட்டின்மேல் நீளமான ஓவனுக்குள் ஊர்ந்து போய் வெளியே வரும். அந்த ஓவன் என் பொறுப்பு. ஷிப்ட் மாறி மாறி வந்ததில் தூக்கம் போனது. அப்பா இறந்த பிறகு மனசும் போனது. காரணமே இல்லாமல் நெஞ்சு படபடக்கும். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மூச்சுக்குத் தவிப்பேன். ஒரு கிளினிக்கில் சில நாளைக்கு என்று மாத்திரை கொடுத்தார்கள். அது தீர்ந்ததும் தெரிந்தவர் மூலமாக ஓர் ஆளிடம் வாங்க ஆரம்பித்தேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. வேலையில் ஒரு நாள்கூடத் தாமதமாகப் போனதில்லை. அதனால் எனக்கு ஒன்றுமில்லை என்று நானே நம்பினேன்.

ஆறு மாத்திரை ஆன பிறகு பயந்தேன். எங்கள் கோயிலில் பால்குடம் எடுப்பவர்கள் இருபத்தோரு நாள் முன்பே காப்புக் கட்டிக்கொள்வார்கள். மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால் கவிச்சி கிடையாது, போதை கிடையாது. எங்கள் பக்கத்தில் எத்தனையோ ஆண்கள் காப்புக் கட்டிய அன்றோடு பாட்டிலைத் தூக்கி எறிந்ததைப் பார்த்திருக்கிறேன். நானும் அம்மன்மேல் பாரத்தைப் போட்டேன். மிச்சமிருந்த மாத்திரைகளைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீரை ஊற்றினேன்.

சனிக்கிழமை தூக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை உடம்பெல்லாம் எறும்பு ஊர்வது போல இருந்தது. அம்மன் சோதிக்கிறாள் என்று சொல்லிக்கொண்டேன். திங்கட்கிழமை கேண்டீனில் தேத்தண்ணீர்க் கோப்பையை எடுத்தது வரை நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பத்மா அக்கா சொல்லித்தான் தெரியும். என்னோடு அதே லைனில் வேலை பார்ப்பவர், வாய் ஓயாதவர்.

“கையில காப்பு இருக்கு, உடம்பு அப்படித் தூக்கிப் போடுது. நான் என்னா நினைப்பேன் சொல்லு? ‘ஆத்தா வந்திருக்கா, யாரும் தொடாதீங்க’ன்னு கத்துனேன். பையில இருந்த திருநீற எடுத்து உன் நெத்தியில பூசி, என் மகனுக்கு வேலை கிடைக்குமான்னு குறி வேற கேட்டேன்டி. நீ பதில் சொல்லாம வாயில நுரை தள்ளுற. நம்ம லைன் நேப்பாளப் பையன் ஓடி வந்து உன்னை ஒருக்களிச்சுப் படுக்க வச்சான் பாரு, அப்பத்தான் ஐயையோ, அலமாக், இது சாமி இல்லன்னு புரிஞ்சுச்சு.”

இதைச் சொல்லும்போது சிரித்தார். பாதியிலேயே அழுதுவிட்டார்.

வார்டில் என்னைப் பார்த்த மருத்துவர் ஒரு மலாய்ப் பெண்மணி. எத்தனை மாத்திரை, எத்தனை நாள் என்று பொறுமையாகக் கேட்டார். நான் முதன்முறையாக உண்மையைச் சொன்னேன். வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறதா என்றும் கேட்டார். தோன்றுகிறது என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. இந்த மாத்திரையை இவ்வளவு நாள் எடுத்துவிட்டுப் பட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும் என்றார்.

அந்த நேரத்தில் எனக்கு என் ஓவன் ஞாபகம் வந்தது. சூடாக இருக்கும் ஓவனை யாராவது பட்டென்று அணைத்தால் நான் சத்தம் போடுவேன். பெல்ட்டை ஓடவிட்டபடியே சூட்டைப் படிப்படியாக இறக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் பலகைகள் கருகும், பெல்ட் கோணிவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே இதைத்தான் கற்றுக்கொடுப்பேன். ஓர் இயந்திரத்துக்குச் செய்யத் துணியாததை என் உடம்புக்குச் செய்திருக்கிறேன்.

புரிந்தது. ஆனாலும் மாத்திரையை விழுங்க முடியவில்லை. மணிக்கட்டில் காப்பு இருந்தது. எதற்காகக் கட்டினேனோ அதையே மீண்டும் விழுங்கினால் அம்மனிடம் என்ன சொல்வது? ஒரு பகல் முழுவதும் மறுத்தேன்.

அம்மா காஹாங்கிலிருந்து பேருந்தில் வந்து சேர்ந்தார். அவருக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் காப்பைப் பார்த்தார், பிறகு மேசையில் இருந்த மாத்திரையைப் பார்த்தார். வெளியே போய்க் குருக்களுக்குப் போன் அடித்துவிட்டு வந்தார்.

“குருக்கள்கிட்ட கேட்டுட்டேன். பெத்தவ ஏத்துக்கலாமாம். விரதம் எனக்கு, மருந்து உனக்கு. குடத்த நான் தூக்குறேன்.”

“காப்பு, மா?”

“அது உன் கையிலயே இருக்கட்டும். எனக்கு அவர் புதுசு கட்டி விடுவார். இப்ப வாயத் தொற.”

காப்புக் கட்டிய கையாலேயே மாத்திரையை எடுத்தேன். அழுதுகொண்டே விழுங்கினேன்.

வியாழக்கிழமை, மருத்துவ விடுப்போடு, காஹாங்கில் அம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த மருத்துவமனையிலேயே வெளிநோயாளிகளுக்கு ஒரு திட்டம் இருந்தது. வாரம் மூன்று நாள் காலையில் போய், சிகிச்சை பெற்று, மத்தியானம் வீடு திரும்பலாம். ஆனால் இடம் நிரம்பிவிட்டது, ஆறு வாரம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். யாராவது விலகினால் கூப்பிடுவதாக என் எண்ணையும் அம்மாவின் எண்ணையும் எழுதிக்கொண்டார்கள். மாத்திரை இரண்டு வாரத்துக்குத்தான். அதற்கு மேல் நான் அந்த ஆளிடம் போவேன், அல்லது மீண்டும் விழுவேன். இது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

கெலாங் பாத்தாவிலிருந்து மாமா வந்தார், அம்மாவின் தம்பி. மாத்திரையைப் பார்த்ததும் கொதித்தார்.

“மாத்திரைய விடத்தானே ஆஸ்பத்திரிக்குப் போன? அங்கயும் மாத்திரையா? என்னா கூத்து அக்கா இது? நான் சொல்ற மறுவாழ்வு இல்லத்துல மூணு மாசம் கொண்டு போய் விடு. பிள்ளை சுத்தமா வந்துரும்.”

“நீ சிகரெட்ட விட்டுட்டியாடா முதல்ல?” என்றார் அம்மா. மாமா வாசலுக்குப் போய்விட்டார்.

நான் ஒரு தாளில் கேள்விகளை எழுதினேன். மருத்துவர் பார்வையில் மெதுவாகக் குறைப்பார்களா? மனச்சோர்வையும் அடிமைத்தனத்தையும் சேர்த்தே பார்ப்பார்களா? இடையில் நான் தவறினால் வெளியே அனுப்பிவிடுவார்களா? மோசமான நேரத்தில் யாரைக் கூப்பிடுவது? வேலையை விடாமல் வர முடியுமா? வேலையிடத்துக்குச் சொல்லிவிடுவார்களா? கோயில், விரதம் என்றால் ஏளனம் செய்வார்களா? ஏழு கேள்விகள். அம்மா தாளை வாங்கிப் பார்த்து, எட்டாவதை எழுதச் சொன்னார்: கூட வரும் அம்மாவுக்கு உள்ளே இடம் உண்டா?

மாமா சொன்ன இல்லத்துக்கு முதலில் அழைத்தேன். வந்த அன்றே எல்லா மருந்தையும் நிறுத்திவிடுவோம் என்றார்கள். முதல் கேள்வியோடு போனை வைத்தேன். ஒரு தனியார் கிளினிக்கில் மாத்திரை தருவோம், மனசைப் பற்றிப் பேச ஆள் இல்லை என்றார்கள். இன்னும் நான்கு இடங்கள். ஒன்று ஆண்களுக்கு மட்டும். ஒன்றில் யாரும் எடுக்கவே இல்லை. எட்டுக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னது அந்த ஆறு வாரக் காத்திருப்பு இடம் மட்டும்தான். தினமும் அழைத்தேன். தினமும் இல்லை என்றார்கள்.

மாத்திரை அட்டையில் குழிகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. திருவிழா வெள்ளிக்கிழமை. மாத்திரை வியாழக்கிழமையோடு தீர்கிறது. செவ்வாய்க்கிழமை காலை அந்த ஆளின் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, அம்மாவோடு கோயிலுக்கு நடந்தேன்.

சந்நிதியில் யாரும் இல்லை. வேண்டுதல் எதுவும் வாயில் வரவில்லை. “தாயே, என்னால முடியல. ஒரு இடம் குடு. இல்லன்னா என்னைக் கூட்டிக்கோ” என்று மட்டும் சொன்னேன். இரண்டில் எதைக் கொடுத்தாலும் சரி என்ற நிலையில்தான் சொன்னேன். அதை மறைக்க விரும்பவில்லை.

வெளியே பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாவின் போன் அடித்தது. தெரியாத எண். இப்போது வரும் மோசடி அழைப்புகளுக்குப் பயந்து அம்மா அப்படிப்பட்டதை எடுக்கவே மாட்டார். அணைத்துவிட்டார். மறுபடி அடித்தது. எடுத்து, “லோன் வேணாம் லா!” என்று கத்திவிட்டு வைத்தார். மூன்றாவது முறையும் அடித்தது. என்ன தோன்றியதோ, எடுத்தார்.

“அம்மா, வச்சிராதீங்க, கெஞ்சிக் கேக்குறேன். நான் ஆஸ்பத்திரி மிஸ்ஸி பேசுறேன். உங்க மக போன் அடைச்சிருக்கு. ஒருத்தர் வேற ஊருக்கு மாறிட்டாங்க. வெள்ளிக்கிழமை காலையில வர முடியுமா? வரலன்னா அடுத்த பேருக்குக் குடுத்துருவோம்.”

நாங்கள் மிஸ்ஸி என்று அழைக்கும் அந்தத் தாதி முதல் தடவையிலேயே அடுத்த பெயருக்குப் போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டு முறை அவமானப்பட்ட பிறகும் மூன்றாவது முறை அவர் விரலை அழுத்த வைத்தது யார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் வெள்ளிக்கிழமை பால்குடம். அம்மா குடம் தூக்கும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டாமா? எனக்காகத் தூக்கும் குடம் அது.

“நீ கேட்டதத்தானே குடுத்திருக்கா?” என்றார் அம்மா. “போய் வாங்கிக்க. இங்க நான் பாத்துக்கிறேன்.”

வியாழக்கிழமையே தெப்ராவுக்குத் திரும்பினேன். வெள்ளிக்கிழமை பத்மா அக்கா லீவு போட்டுக் காரில் என்னைக் கொண்டுபோய் விட்டார். வட்டமாகப் போட்ட ஒன்பது நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்தேன். அதே நேரத்தில் காஹாங்கில், முட்டிவலிக்கார அம்மா மஞ்சள் சேலையில் வெயிலில் நடந்துகொண்டிருந்தார். என் முறை வந்ததும் பெயரைச் சொன்னேன். அதற்கு மேல் பேச முடியவில்லை. பரவாயில்லை, உட்கார்ந்திருந்தாலே போதும் என்றார்கள். ஒருவர் என் காப்பைப் பார்த்து, எந்தக் கோயில் என்று மட்டும் கேட்டார்.

எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. ஐந்தாவது வாரம் தவறினேன். ஒரே நாளில் இரண்டு மாத்திரை கூடுதலாக எடுத்தேன். மறுநாள் வட்டத்தில் சொன்னேன். என் மூன்றாவது கேள்விக்குப் பதில் அன்றுதான் கண்ணால் பார்த்தேன்: யாரும் வெளியே அனுப்பவில்லை. அட்டவணையை மட்டும் மாற்றி எழுதினார்கள்.

உங்களில் யாராவது இப்படித் தவித்தால், தயவுசெய்து கேளுங்கள். காப்புக் கட்டிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் மருத்துவரிடம் சொல்லாமல் எதையும் பட்டென்று நிறுத்தாதீர்கள். குடியும் அப்படித்தான் என்று வட்டத்தில் தெரிந்துகொண்டேன். அம்மனிடம் கேளுங்கள், கேட்டுவிட்டுப் போனைத் திறந்து வையுங்கள். உங்களைச் சுமக்க ஒருவரையாவது அவள் ஏற்பாடு செய்திருப்பாள். அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

இன்றைய நிலை இது. ஆறு மாத்திரை ஒன்றரை ஆகியிருக்கிறது. படபடப்பு வருகிறது, போகிறது. சாக வேண்டும் என்கிற எண்ணம் இந்த மாதம் இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் மிஸ்ஸியை அழைத்தேன். வேலை இருக்கிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை குடும்பத்தாருக்கான வகுப்பு, அதற்கு அம்மா வருகிறார். மாமாவும் ஒருமுறை வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நாளை திங்கட்கிழமை. காலை ஒன்பது மணிக்கு எனக்கு அங்கே ஒரு நாற்காலி இருக்கிறது.