பெரியப்பாவுக்கு மோட்டாரிடமிருந்து வந்த போன்

நான் எட்டாவது படிக்கும்போது மன்னார்குடி நூலகத்தில் ஒரு விஞ்ஞானக் கதை வாசித்தேன். அதில் ஒருவர் வேறு கிரகத்தில் உட்கார்ந்துகொண்டு பூமியில் உள்ள தன் வீட்டு விளக்கை அணைப்பார். வீடும் அவருக்குப் பதில் சொல்லும். அதை நான் வகுப்பில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். படிப்பைப் பத்தாவதோடு விட்டுவிட்டேன், கதை மட்டும் மனதில் தங்கிவிட்டது. இப்போது நீங்கள் அந்த மாதிரிப் படங்களைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் நிஜமாக நடக்குமா அப்பா என்று கேட்கிறீர்கள். நம் பெரியப்பா வீட்டில் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

பெரியப்பா என்றால் என் அப்பாவின் அண்ணன். அவர் வயலில் உள்ள போர்செட் மோட்டாருக்கு ஒரு பெட்டி மாட்டியிருந்தார். அதற்குள் ஒரு சிம் இருக்கும். வீட்டிலிருந்து அந்த எண்ணுக்குப் போன் போட்டால் ஒரு பெண் குரல் பேசும். அது சொல்கிறபடி ஒன்றை அழுத்தினால் மோட்டார் ஓடும், இரண்டை அழுத்தினால் நிற்கும். ஆட்டோவில் போட்டுவிட்டால் மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் தானே ஓட ஆரம்பித்து, ஓடுகிறேன் என்று அவருக்குப் போன் செய்யும். காலையில் கட்டிலில் படுத்தபடியே தண்ணீர் பாய்ச்சுவார். அவருடைய எண்ணிலிருந்து வந்தால்தான் பெட்டி பேச்சைக் கேட்கும். அவர் மகன், எனக்கு அண்ணன் முறை, தன் எண்ணையும் அதில் ஏற்றச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார்.

"இருக்கறது ஒரு மோட்டாரு. அதுக்கு எதுக்குடா ரெண்டு மொதலாளி?" என்று பெரியப்பா முடித்துவிட்டார்.

ஒரு வருஷம் குறுவைக்கு நாற்றங்காலில் விதை தெளித்த மறுநாள், விடிவதற்குள் பெரியப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். முளைகட்டிய விதைக்கு ஈரம் வேண்டும், தண்ணீர் நிற்கக் கூடாது. கோடை வெயிலில் தண்ணீர் தேங்கிச் சூடேறினால் முளை வெந்துபோகும். காலையில் கொஞ்ச நேரம் மட்டும் தண்ணீர் காட்டிவிட்டு நிறுத்தலாம் என்று, முந்தின சாயங்காலம் அவர் நாற்றங்கால் மடையைத் திறந்து வைத்து, மோட்டாரை ஆட்டோவில் போட்டிருந்தார்.

கூடத்தில் ஐஸ்பெட்டியில் கிடத்தியிருந்தோம். பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். தலைமாட்டு அலமாரியில் இருந்த அவருடைய போன் அடித்தது. அண்ணன் எடுத்துப் பார்த்தார். திரையில் 'மோட்டார்' என்று இருந்தது. எல்லோரும் பார்க்கிறார்களே என்ற பதற்றத்தில் சட்டென்று அழைப்பைத் துண்டித்துவிட்டார். வாசலுக்கு வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. தண்ணீர் நாற்றங்காலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நிறுத்துவதற்குத் திருப்பிக் கூப்பிடலாம் என்றால் போன் பூட்டியிருக்கிறது. எந்தக் கோட்டை எப்படி இழுத்தால் திறக்கும் என்பது பெரியப்பாவுக்குத்தான் தெரியும். அண்ணன் இழுத்துப் பார்த்த எதற்கும் அது திறக்கவில்லை. கையில் இருந்த விதை முழுவதும் அந்த நாற்றங்காலில் கிடந்தது. அது போனால் குறுவை போயிற்று.

ஓடிப்போய் மடையை அடைக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். பிணத்தை எடுக்கும் வரை அந்த வீட்டார் யாரும் வயலில் கால் வைப்பதில்லை. பங்காளிகளான எங்களுக்குத் தீட்டு. நாற்றங்கால் பக்கமே போகக் கூடாது. அடுத்த தெருவில் சொன்னால் யாராவது போய் அடைத்திருப்பார்கள். ஆனால், பிணத்தை உள்ளே வைத்துக்கொண்டு வயலுக்குப் போ என்று ஒருவரிடம் யார் வாயால் சொல்வது? அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. சென்னையிலிருந்து பெரியப்பாவின் மகள் வந்த பிறகுதான் எடுக்க முடியும், அவள் வந்து சேர மத்தியானம் ஆகும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

பந்தலில் இருந்த பங்காளிகள் இதைத் தாழ்ந்த குரலில் பேசினார்கள். அதற்குள் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. போன் திறந்துகொண்டது என்றே வைத்துக்கொள்வோம், அதில் மோட்டாரை நிறுத்தினால் அது வயலுக்குப் போனதாகுமா ஆகாதா என்று ஒரு சித்தப்பா கேட்டார்.

"கால் போவலயே," என்றார் இன்னொருவர்.

"கால் போவல. காரியம் போவுதுல்ல?" என்றார் சித்தப்பா.

"அப்ப காலைலேருந்து ஓடுதே, அது யாரு கணக்கு?"

முன்பு யாருக்கும் இப்படி ஒரு சந்தேகம் வந்ததில்லை. போன் மறுபடி பூட்டிக்கொள்ளுமோ என்கிற மாதிரி அண்ணன் அதைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார், அதுவோ இன்னும் பூட்டித்தான் இருந்தது.

பிறகு மின்சாரம் போய்விட்டது. ஐஸ்பெட்டி நின்றதே என்று பெண்கள் கவலைப்பட்டார்கள். மோட்டாரும் நின்றிருக்கும் என்று அண்ணனுக்கும் எனக்கும் மட்டும் அது நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி நீடிக்கவில்லை. ஐஸ்பெட்டி மறுபடி உறுமத் தொடங்கியதும் போன் அடித்தது. பாட்டுக் கட்டி அழுதுகொண்டிருந்த ஒரு அம்மாள் பாதி வரியில் நிறுத்திவிட்டார்.

"யாருடா அது?" என்றார் பெரியம்மா. காலையிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"மோட்டாரும்மா," என்றார் அண்ணன். "நாத்தங்கால்ல தண்ணி ஏறிக்கிட்டு இருக்கு."

பெரியம்மா கையை நீட்டினார். "கொண்டா இங்க. தெனமும் என் காதுகிட்டதான் கத்தும்."

வரும் அழைப்பை எடுக்கப் பூட்டைத் திறக்க வேண்டியதில்லை. அது எங்கள் யாருக்கும் அதுவரை தோன்றவில்லை. அவர் பச்சையைத் தள்ளினார். மின்சாரம் வந்துவிட்டது, மோட்டார் ஓடுகிறது, நிறுத்த இரண்டை அழுத்தவும் என்று அந்தப் பெண் குரல் கூடம் முழுவதும் கேட்கச் சொன்னது. பெரியம்மா திரையில் எண்களை வரவழைக்கச் சொல்லிப் போனை அண்ணனிடம் காட்டி, இரண்டைத் தானே அழுத்தினார். மோட்டார் நிறுத்தப்பட்டது, நன்றி என்றது குரல். அவர் போனைப் பெரியப்பாவின் பக்கத்தில் வைத்தார்.

"அவரு போட்ட வெத," என்றார். அழுகை விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது தூரத்திலிருந்தே நாற்றங்காலைப் பார்த்தோம். தண்ணீர் வடிந்திருந்தது. பள்ளமான ஒரு மூலையில் மட்டும் விதை ஒதுங்கிக் கெட்டுப்போனது. மற்றதெல்லாம் முளைத்தது. அந்த நாற்றைத்தான் நட்டோம்.

காரியம் முடிந்ததும் அண்ணன் மோட்டார் பெட்டியில் தன் எண்ணை ஏற்ற ஆள் கூட்டி வந்தார். வந்த ஆளைப் பெரியம்மா காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். கடையில் கொடுத்துப் பூட்டை எடுத்த அந்தப் போனை இப்போது பெரியம்மா தன் தலையணை அருகில் வைத்துக்கொள்கிறார். விடியற்காலையில் அது அடித்தால் எடுத்து, முழுவதும் கேட்டுவிட்டு, வேண்டியதை அழுத்துகிறார். தண்ணீர் தேவைப்பட்டால் அண்ணன் வரப்பில் நின்றுகொண்டு வீட்டுக்குப் போன் போட்டு, மோட்டார் போடும்மா என்கிறார். சில நாள் லைன் கிடைக்காது. மோட்டாரோடு பேசிக்கொண்டிருந்தேன் என்பார் பெரியம்மா.