உதறி மடித்த உறை

தையல்நாயகிக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. பால் பாக்கெட்டைக்கூடக் கழுவிக் காயவைத்து அடுக்குவாள். ஜவுளிக்கடைப் பைகளை மடித்துப் பாய்க்கு அடியில் வைப்பாள். "உன் வூட்டுல குப்பைத்தொட்டி எதுக்குடி?" என்று நான் எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன். அப்படிக் கிண்டல் செய்த நானேதான் அந்த உறையை அவள் பைக்குள் திணித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாரோ சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாம்.

என் பெயர் மஹாலட்சுமி. பிள்ளையார்பாளையத்தில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். அவள் புருஷன் குமரகுரு பட்டு நெய்கிறவர், கூடத்திலேயே தறி. ஒரே பெண் கீர்த்தி, நாலாம் வகுப்பு படிக்கிறாள். அந்தப் பிள்ளைக்கு நான்கு வயதில் காய்ச்சல் வந்தபோது ஓர் ஊசி போட்டார்கள். பென்சிலின். ஐந்தே நிமிஷத்தில் முகம் வீங்கி, மூச்சு இழுத்து, அம்மா கையிலேயே துவண்டுவிட்டது. எப்படியோ பிழைத்தது. அன்றிலிருந்து தையல்நாயகிக்கு வாழ்க்கையில் அந்த ஒரு பயம்தான். 'கீர்த்திக்குப் பென்சிலின் ஆகாது' என்று சிவப்பு மையில் எழுதி, பள்ளிக்கூட அட்டையின் பின்பக்கம், பீரோ கதவு, தன் போன் எல்லாவற்றிலும் ஒட்டியிருந்தாள். தலைவலி மாத்திரை வாங்கினாலும் மருந்துக்கடைக்காரர் அலுத்துப்போகிற வரைக்கும் கேட்பாள்.

வாலாஜாபாத்துக்கு அந்தப்புறம் ஒரு மருந்துப் பொடி கம்பெனி. அங்கே எனக்கு ஆறு வருஷ வேலை. போன ஆகஸ்ட்டில் இவளையும் சேர்த்துவிட்டேன். ஆபீசில் உட்கார்ந்ததும் இவள் கேட்ட முதல் கேள்வி, "சார், இங்க பென்சிலின் செய்றீங்களா?"

"இங்க மருந்தே செய்யறதில்லம்மா. மருந்துக்கு முந்தின பொடிதான். அதை வேற கம்பெனிக்காரங்க வாங்கி மருந்து பண்ணுவாங்க" என்றார் ஆபீஸ்காரர். அவர் சொன்னது பொய்யும் இல்லை. உனக்கு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா என்று படிவத்தில் கேட்டிருந்தது. தனக்கு அப்படி ஒன்றும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிள்ளையைப் பற்றி அதில் கேள்வி இல்லை.

பெரிய பீப்பாய்களில் வரும் வெள்ளைப் பொடியை நிறுத்துக் கொட்டுவது எங்கள் வேலை. பீப்பாயின் மேல் வாயில் நுழையாத ஒரு பெயர், ஆறு என்ற எண்ணில் ஆரம்பிக்கும். நாங்கள் ஆறாம் நம்பர் பொடி என்போம். முகமூடி, கையுறை, மேலங்கி, தொப்பி எல்லாம் தருவார்கள். வேலை முடிந்ததும் தலையோடு குளித்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும் என்று சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். நாங்களோ தலைக்கு ஊற்றுவது செவ்வாய், வெள்ளி மட்டும். சாயங்காலம் ஈரத்தலையோடு வேன் ஏறினால் சளி பிடிக்கும், வீட்டில் வேறு கேள்வி வரும். அதனால் உடம்புக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு, பூவைச் சரிசெய்துகொண்டு கிளம்பிவிடுவோம். ஆறு வருஷத்தில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிற திமிர் எனக்கு. அந்தத் திமிரை அவளுக்கும் கற்றுக்கொடுத்தேன்.

வேன் தெருமுனையில் நின்றதும் கீர்த்தி ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைப்பாள். இவள் குனிந்து முத்தம் கொடுப்பாள். செப்டம்பரில் பிள்ளையின் கழுத்தில் தடிப்பு வந்தது. கொசுக்கடி என்றோம். ராத்திரியில் இருமல் வந்தது. தறிப் புழுதி என்றோம்.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. அவர்கள் வீட்டு ஓடு சரியாகத் தறிக்கு மேலேயே ஒழுகியது. தறியில் பாதி நெய்த அரக்குச் சிவப்பு முகூர்த்தப் புடவை. சனிக்கிழமை வேலையில் நிற்கும்போதே இவளுக்கு அழுகை முட்டியது. "அக்கா, தறி மேல போட ஒரு பெரிய கவர் கெடைச்சா போதும். ஒரு சொட்டு வுழுந்தாலும் கறை ஆயிடும்."

ஒவ்வொரு பீப்பாய்க்குள்ளும் கனமான பிளாஸ்டிக் உறை ஒன்று இருக்கும். காலியானதும் அதைத் துண்டுதுண்டாக வெட்டி, எரிக்கிற மூட்டையில் போட வேண்டும். அன்று வெட்டுகிற வேலை என்னுடையது. ஓர் உறையை வெட்டாமல் ஒதுக்கி, வெளிப்பக்கத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து, "எடுத்துனு போடி, நல்லா கனமா இருக்குது" என்று கொடுத்தேன். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பாவி, நான்தான் கொடுத்தேன்.

திங்கட்கிழமை மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு. பிள்ளையோடு இருக்க இவளும் லீவு போட்டாள். அன்றைக்குத்தான் கம்பெனியில் பாதுகாப்பு வகுப்பு. புதிதாக வந்த அதிகாரி வெங்கடேசன் ஒரு படத்தைக் காட்டி, "இந்த ஆறாம் நம்பர் பொடி என்னன்னு யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார்.

"பென்சிலின் வகை மருந்துக்கெல்லாம் இதுதாம்மா உடம்பு. இதோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா அந்த மருந்து. பென்சிலின் ஆகாதவங்களுக்கு இதுவும் ஆகாது. ஊசியா ஏறணும்னு இல்ல, தூசியா மூக்குல போனாலே போதும். நம்ம தலைமுடியில, துணியில ஒட்டினு வீட்டுக்கும் வரும்."

எழுந்து கேட்டுக்கு எப்படி ஓடினேன் என்றே தெரியவில்லை. போன்களைக் கேட்டிலேயே வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள். பூட்டைத் திறக்க அந்தக் காவல்காரர் எடுத்துக்கொண்ட நேரத்தில் அவரைக் கடித்துக் குதறியிருப்பேன்.

மூன்றாவது முறை கூப்பிட்டபோதுதான் தையல்நாயகி எடுத்தாள். "இன்னாக்கா, கிளாஸ் முடிஞ்சிடுச்சா?"

"அந்தக் கவர் எங்கடி?"

"மழை வுட்டுச்சுக்கா, இப்பத்தான் எடுத்து உதறி மடிச்சேன். வெள்ளையா கொட்டிச்சு. சுவத்து சுண்ணாம்புன்னு அவரு தறியை ஊதிக்கினு இருக்காரு."

"தனியாவா மடிச்சே?"

"அவ்ளோ பெரிசை தனியா எப்படிக்கா? கீர்த்திதான் அந்தப் பக்கம் புடிச்சா. புடவை மாதிரியே மடிச்சோம்."

பட்டு நெய்கிற வீடுகளில் புடவை மடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். எதிரெதிரே இரண்டு பேர் நின்று, ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, விறைப்பாக இழுத்து, படாரென்று ஓர் உதறு உதறுவார்கள். சுருக்கம் போகும்வரை உதறுவார்கள். அந்தப் பிள்ளை முகத்துக்கு நேராக அப்படி உதறியிருக்கிறது. போனில் அவள் பேச்சுக்குப் பின்னால் இருமல் கேட்டது. விடாத இருமல்.

"கீர்த்தியை வெளிய தூக்கினு ஓடுடி! அது பென்சிலின் பொடி! ஓடு!" என்று கத்தினேன். போன் கீழே விழுந்த சத்தம்தான் கேட்டது.

பின்னாலேயே வந்து நின்ற வெங்கடேசனிடம் உறையைக் கொடுத்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். மனுஷன் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. "நடங்க" என்று காரை எடுத்தார். வழியெல்லாம் குமரகுருவுக்குப் போன் போட்டு, "துணியை மாத்துங்க, ஆஸ்பத்திரியில முதல் வார்த்தையா பென்சிலின் அலர்ஜின்னு சொல்லுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வரதராஜப் பெருமாளே, ஏகாம்பரநாதா, காமாட்சி என்று ஒரு சாமி விடாமல் கூப்பிட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் கீர்த்தியைப் பார்த்தபோது அடையாளம் தெரியவில்லை. கண் இரண்டும் மூடிக்கொள்ளும்படி வீக்கம், உதடு தடித்துத் தொங்கியது. தொடையில் ஓர் ஊசி போட்டிருந்தார்கள். மூச்சு விசிலடித்தது. டாக்டர் இரண்டாவது ஊசி எடுக்கச் சொன்னார்.

தையல்நாயகி உள்ளே இல்லை. வாசலுக்கு வெளியே, மழைத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். நர்சம்மா விடவில்லை. "உன் தலையில, துணியில எல்லாம் பொடி இருக்குதும்மா. பக்கத்துல வந்தா புள்ளைக்கு இன்னும் ஆகாது." உள்ளேயிருந்து பிள்ளை தீனமாக, "அம்மா... அம்மா..." என்றது. இவள் ஆஸ்பத்திரிக் குழாயடியில் உட்கார்ந்து, திங்கட்கிழமை பட்டப்பகலில், புடவையோடு, தலையில் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டாள். பூ கரைந்து காலடியில் ஓடியது. "போதுமாக்கா? இப்ப போலாமா?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? தறியை ஊதிய குமரகுருவும் போகக்கூடாது, கம்பெனியிலிருந்து வந்த நானும் போகக்கூடாது. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, அதுவரை அது பார்த்தே இராத வெங்கடேசன்தான்.

மூன்று மணிக்கு மூச்சு சீரானது. கீர்த்தி பிழைத்துவிட்டாள். டாக்டர் நிதானமாக விசாரித்தார்: இதற்குமுன் தடிப்பு வந்ததா? இருமல்? எப்போதிலிருந்து? செப்டம்பர் என்று சொல்ல வாயெடுத்த தையல்நாயகி பாதியில் நிறுத்திக்கொண்டாள். வேனிலிருந்து இறங்கிக் கொடுத்த ஒவ்வொரு முத்தமும் அவளுக்கு அப்போது நினைவுக்கு வந்திருக்கும். சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். நான் பிடித்துக்கொண்டேன்.

குமரகுரு வீட்டுக்குப் போய், வெங்கடேசன் கொடுத்த முகமூடியைப் போட்டுக்கொண்டு, பாதிப் புடவையோடு தறியிலிருந்த நூலை மொத்தமாக அறுத்து எடுத்தார். தறியில் ஏறியதை நெய்து முடிக்காமல் அறுத்தது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை. அரக்குப் பட்டும் ஜரிகையும் அந்த உறையோடு சேர்ந்து எரிக்கிற மூட்டைக்குப் போனது. தரையையும் சுவரையும் ஈரத்துணியால் நாலு தடவை துடைத்த பிறகுதான் பிள்ளை வீட்டுக்கு வந்தது.

தையல்நாயகி அந்த வேலையை விட்டுவிட்டாள். இப்போது காந்தி ரோட்டில் ஒரு கடையில் புடவைக்குக் குஞ்சம் முடிகிறாள். பொடியும் இல்லை, பீப்பாயும் இல்லை. நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். தினமும் தலையோடு குளிக்கிறேன், யார் என்ன கேட்டாலும் சரி. அவர்கள் வீட்டு வாசலில் நின்று பேசுவேனே தவிர, உள்ளே போவதில்லை.

நேற்றுச் சாயங்காலம் அவள் கடையிலிருந்து வந்தாள். கீர்த்தி தெருமுனைக்கு ஓடினாள். பழைய வேகம்தான். ஆனால் இரண்டு அடி தள்ளி டக்கென்று நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"தலைக்கு ஊத்திக்கினியாம்மா?"

குஞ்சம் முடிகிற வேலையில் ஒன்றும் ஒட்டாதுடி என்று சொல்லியிருக்கலாம். தையல்நாயகி சொல்லவில்லை. "இரு கண்ணு, ஊத்திக்கினு வரேன்" என்று அவளைச் சுற்றிக்கொண்டு, புடவை மேலே படாமல் ஒதுங்கி, பின்கட்டுக்குப் போனாள். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் என் வீட்டுச் சுவர் வழியாக வெகுநேரம் கேட்டது.