கடன் எல்லை குறைந்தது, கடிதம் வரவில்லை

கடனட்டைப் பிரிவில் வேலை பார்ப்பவருக்கு நல்ல சேதி சொல்வதற்காகத் தொலைபேசி மணி அடிப்பதே இல்லை. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும். அந்தப் பக்கம் நின்றவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். பதுளையில் ஒரு வங்கிக் கிளையில் நான் சேர்ந்து பத்து மாதம் ஆகிறது. தகுதிகாண் காலம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் தேயிலை மலையில் வேலை செய்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். அதனாலேயே மணி அடித்தால் இரண்டாவது ஒலிக்குள் எடுத்துவிடுவேன்.

இங்கே சொல்லப் போகிறவற்றில் முதல் கதையை மட்டும் நான் நேரில் பார்க்கவில்லை. எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்த ஷர்மிளா அக்கா, பண்டாரவளைக்கு மாற்றலாகிப் போகும்போது சொன்னது.

பீட்சாவும் எச்சரிக்கையும்

எல்லவில் மூன்று அறைகளை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடும் ஒருவர், விருந்தாளிகளுக்காகச் சாமான் வாங்க சுப்பர் மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார். தள்ளுவண்டி நிறையச் சாமான். கடனட்டையை மூன்று தடவை செருகியும் வேலை செய்யவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க, வண்டியை அப்படியே விட்டுவிட்டு நேரே வங்கிக்கு வந்துவிட்டார்.

அவருடைய கடன் எல்லையை வங்கி அன்று காலைதான் பாதிக்கும் கீழே குறைத்திருந்தது. "மெசேஜ் அனுப்பியிருக்கிறோமே" என்று அக்கா காட்டினாராம். அவர் தொலைபேசியைத் தூர நீட்டிப் பிடித்து வாசித்துவிட்டுச் சொன்னார்: "வந்துச்சுதான் மிஸ். தெனமும் பீட்சாவுக்கு வெலக்கழிவுனு அனுப்புறீங்க. இதையும் அப்படித்தான்னு நெனச்சு அழிச்சிட்டேன்."

மணல் வாளி

இது என் கண் முன்னால் நடந்தது. பதுளை பஜாரில் புடவைக் கடை வைத்திருக்கும் ஒரு முதலாளி, கடனட்டையை ஏழு வருடமாக நகையோடு சேர்த்து லொக்கரில் வைத்திருந்தார். ஆபத்துக்கு உதவும் என்று ஒரு நாளும் உரசியதில்லை. உரசாத அட்டைகளின் எல்லையைத்தான் எங்கள் தலைமையகம் முதலில் வெட்டியது. ஒழுங்காக இருந்ததற்கு இதுவா பரிசு என்று அவர் கேட்டார். கொள்கை என்று மட்டும் சொன்னேன்.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மெதுவாகத்தான் பேசினார்: "தங்கச்சி, கடையில தீ அணைக்க மணல் வாளி தொங்குது. இதுவரைக்கும் யாரும் தொட்டதில்ல. அதுக்காக ஒருத்தர் வந்து பாதி மணல அள்ளிக்கிட்டுப் போவாரா?"

பட்டியல்

ஒரு திங்கட்கிழமை மின்னஞ்சலில் அடுத்த பட்டியல் வந்தது. புதன் நள்ளிரவோடு எல்லை குறைக்கப்படப் போகிறவர்களின் பெயர்கள். இருபத்தோராவது பெயர் எஸ். செல்வராஜ்.

பெரகலைக்குக் கீழே உள்ள தேயிலைத் தோட்டப் பாடசாலையில் அவர் ஆசிரியர். எட்டு மாதத்துக்கு முன் அவருடைய விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவள் நான்தான். இரண்டு வாரத்துக்கு முன் வந்தபோது, மனைவி மேரிக்குக் கர்ப்பப்பையில் கட்டி, இரத்தப்போக்கு நிற்கவில்லை, தாமதிக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார் என்றார். வியாழக்கிழமை காலை தனியார் ஆஸ்பத்திரியில் அனுமதி. முன்பணத்தை இந்த அட்டையில்தான் கட்டப் போவதாகச் சொல்லியிருந்தார். குறைத்த எல்லை அந்த முன்பணத்தில் பாதிக்குக்கூடப் போதாது.

மெனேஜரிடம் போனேன். தலைமையகம் வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் அனுப்பிவிட்டது, கிளையில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது உத்தரவு என்றார். தோட்டத்துக் கடிதங்கள் வீட்டுக்கு வருவதில்லை, தோட்ட ஆபீசுக்குப் போய் அங்கிருந்துதான் கைமாறும் என்று விளக்கினேன். அவர் சிங்களம் கலந்த தமிழில், கோபப்படாமல் சொன்னார்: "மிஸ்ஸுக்கு இன்னும் வேலை நிரந்தரம் இல்லைதானே? கடிதம் போனது. அது போதும்."

செவ்வாய்க்கிழமை

அன்றிரவு தூக்கமில்லை. சொன்னால் என் வேலை, சொல்லாவிட்டால் அவர் மனைவி. மறுநாள் மாலை வேலை முடிந்ததும், உத்தரவையும் மீறாமல் பொய்யும் சொல்லாமல் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து அவரை அழைத்தேன்.

"மாஸ்டர், பேங்குல இருந்து லெட்டர் ஏதும் வந்திச்சா?"

"இல்லையே பிள்ள. ஏன்?"

"சும்மாதான். தோட்ட ஆபீசுல ஒருக்கா கேட்டுப் பாருங்களேன். நாளைக்கே."

தான் பாடசாலையில் இருக்கும்போதுதான் ஆபீஸ் திறந்திருக்கிறது என்றார். காலையில் ஆபீஸ் வாசலில் பெரட்டுக்குப் பெயர் கொடுக்கப் போகும் மச்சானிடம் சொல்லி விசாரிப்பதாக ஒப்புக்கொண்டார். இன்னும் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொல்லவில்லை. அவர்தான் சிரித்துக்கொண்டே முடித்தார்: "மொதல்ல ஆபரேஷன் முடியட்டும் பிள்ள. அப்புறம் நீங்களும் நானும் லெட்டரா எழுதிக்குவோம்."

வியாழன், ஒன்பதரை

"பிள்ள, கார்டு வேல செய்யலங்குறாங்க. மெஷின் பழுதா?"

ஆஸ்பத்திரிக் கவுண்டரிலிருந்து பேசினார். பின்னால் யாரோ, "ஐயா, கொஞ்சம் ஒதுங்குங்க, ஆள் நிக்குது" என்பது கேட்டது. மச்சான் விசாரித்தாரா என்று கேட்டேன். விசாரித்தாராம், ஒன்றும் இல்லை என்றுவிட்டார்களாம். அதற்குள் அவருடைய தொலைபேசிக்கே வங்கியின் மெசேஜ் வந்துவிட்டது. அவர் அதை வாசிக்கும் நேரம் முழுவதும் நான் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"இது ஒங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும் மாஸ்டர்."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "சரி," என்றார். "மேரி அங்க பெஞ்சில உக்காந்து என்னையே பாத்துக்கிட்டிருக்கு. அதுகிட்ட என்ன சொல்றது, அதையாவது சொல்லுங்க."

மேரி அக்கா

ஆபரேஷன் எட்டு நாள் தள்ளிப் போனது. அதற்குள் ஒரு நாள் மேரி அக்கா மயங்கி விழுந்து, அரசாங்க ஆஸ்பத்திரியில் இரண்டு போத்தல் இரத்தம் ஏற்றினார்கள். தாலிக்கொடியை அடகு வைத்துத்தான் பிறகு ஆபரேஷன் நடந்தது. அந்த எட்டு நாளும் தொலைபேசி அடித்தபோதெல்லாம், இதுதான் அந்தச் சேதி என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து, அட்டையைத் திருப்பிக் கொடுக்க இருவரும் வந்தார்கள். மாஸ்டர் என்னைப் பார்க்காமல் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். மெலிந்து போயிருந்த மேரி அக்காதான் பேசினார்: "அந்தச் செவ்வாக்கெழம போன்ல ஒங்க கொரல் நடுங்குச்சு தங்கச்சி, பக்கத்துல இருந்த எனக்கே கேட்டிச்சு. நடுங்கிக்கிட்டே வேற எதையோ சொன்னதுக்கு, நடுங்கிக்கிட்டே உண்மையச் சொல்லியிருக்கலாம்."

நாலு பேர்

அடுத்த லீவு நாளில் அந்தத் தோட்ட ஆபீசுக்குப் போனேன். கடிதம் உண்மையிலேயே அனுப்பப்பட்டதா என்பது எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. கிளாக்கர் ஐயா அலுமாரியிலிருந்து ரப்பர் பட்டி போட்ட ஒரு கட்டை எடுத்தார். அதில் எங்கள் வங்கிக் கடிதமும் இருந்தது. தபால் முத்திரையைப் பார்த்தேன். அந்த வியாழனுக்குப் பத்து நாள் முன்பே வந்திருக்கிறது. உறையில் "எஸ். செல்வராஜ், மேல் டிவிஷன்" என்று மட்டும்தான் இருந்தது. கிளாக்கர் ஐயாவின் முகத்தில் இருந்த பயம் எனக்குப் பழக்கமானதுதான்: "மேல் டிவிஷன்ல எஸ். செல்வராஜ் நாலு பேரு இருக்காங்க மிஸ். பேங்க் லெட்டர ஆள் மாறிக் குடுத்தா என் வேல போயிரும். மாஸ்டரோட மச்சான் கேட்டப்பவும் அதனாலதான் இல்லன்னுட்டேன். லயத்து நம்பர் இருந்திருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேன்."

மறுநாள் அவருடைய விண்ணப்பப் படிவத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் இலக்கம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. நிரப்பிய கையெழுத்து என்னுடையது. பல்கலைக்கழகத்தில் என் சொந்தப் படிவங்களிலும் நான் அந்த இடத்தை வெறுமையாகத்தான் விட்டிருக்கிறேன். லயம் என்று எழுதினால் மதிக்க மாட்டார்கள் என்ற பயம்.

வங்கி அவருடைய கடன் எல்லையைக் குறைப்பதற்கு எட்டு மாதம் முன்பே, நான் அவருடைய முகவரியைக் குறைத்துவிட்டிருந்தேன்.