நெல்லியடிக்குப் போய்க் கை நனையாமல் வருவது

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை ஆறரை மணிக்கு, நல்லூரில் எங்கள் வீட்டுப் படலையடியில் இரண்டு சைக்கிள்கள் புறப்பட நின்றன. ஒன்று என்னுடையது. மற்றது என் மனைவியின் தம்பி சிவனேசனுடையது. நெல்லியடியில் அவனுக்குப் பெண் பார்க்கப் போகிறோம். யுத்தத்தால் பெற்றோல் இல்லாத காலம். அவன் தாயான என் மாமிக்கு முழங்கால் வருத்தம்; பதினைந்து மைல் சைக்கிளில் ஏறி வர அவரால் ஏலாது. ஆகையால் முதலில் நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவது, மற்றப் பேச்சை மாமி பிறகு வைத்துக்கொள்வது என்று ஏற்பாடு.

படலைவரை நொண்டி நொண்டி வந்து மாமி சொன்ன புத்தி ஒன்றே ஒன்றுதான்.

"அங்கை கை நனைச்சுப் போடாதேங்கோ, தம்பி. தேத்தண்ணியும் வேண்டாம்."

பெண் வீட்டில் எதையாவது வாயில் வைத்தால் சம்பந்தத்துக்குச் சம்மதம் என்று அர்த்தம். அதைத்தான் கை நனைப்பது என்போம். தின்றுவிட்டு எழும்பி நின்று, யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்ல முடியாது. நேசனுக்கு வயது முப்பத்துநான்கு. முன்னர் வந்த மூன்று சம்பந்தமும் மாமியின் சீதனப் பேச்சில் முறிந்து போயின. அவனோ தாய்க்கு முன்னால் வாய் திறக்காத பிள்ளை. சாப்பாட்டுக்கு மட்டும் திறப்பான்.

அதற்கும் மாமி வழி வைத்திருந்தார். போகிற வழியெல்லாம் அவனுக்கு வயிறு முட்ட வாங்கிக் கொடுக்க வேண்டும். நல்ல காரியம் என்பதால் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் கூடாது. நெல்லியடியில் பலகாரத் தட்டத்தைக் கண்டால் அவனுக்கு வெறுத்துப் போக வேண்டும். இந்த வேலையை என்னிடம் தந்ததற்குக் காரணம் உண்டு. நல்லூருக்கும் நெல்லியடிக்கும் இடையில் எந்த வளவுக்குள் எந்த அடுப்பில் என்ன வேகிறது என்று எனக்கு மனப்பாடம். எனக்கும் ஒரு வாய் இருக்கிறது என்பதை மாமி யோசிக்கவில்லை.

காலை ஏழு மணி. கல்வியங்காட்டுச் சந்திக்கு இந்தப் பக்கம், ஒழுங்கைக்குள் இரண்டாவது வீடு. பலகையும் இல்லை, பெயரும் இல்லை. கிடுகு வேலியில் ஒரு பொட்டு. அதற்குள் தலை குனிந்து போனால் ஓர் அம்மா விறகடுப்பில் தோசை சுட்டுக்கொண்டிருப்பார். தோசை மூன்று ரூபா. செத்தல் மிளகாய்ச் சம்பலுக்குக் காசில்லை. அந்தச் சம்பலை அம்மியில் அரைக்கிற விதமோ என்னவோ, முதல் வாயில் கண்ணீர் வரும், இரண்டாம் வாயில் இன்னொரு தோசை கேட்கச் சொல்லும். நேசன் எட்டுத் தின்றான். காவலுக்கு வந்தவன் வெறும் வயிற்றோடு இருக்கலாமா? நான் ஆறு.

ஏழே முக்கால், கோப்பாய். கிணற்றடி வாழைக்குப் பக்கத்தில் இடியப்பம் அவித்து விற்கிற வீடு. சொதி கொதிக்கும்போது போனால் அதிர்ஷ்டம். நாங்கள் அதிர்ஷ்டக்காரர்கள். பத்து இடியப்பத்துக்கு மேல் நேசன் மூச்சு வாங்கினான். சந்தோஷமாக இருந்தது, பொறுப்பைச் சரியாகச் செய்கிறேன் என்று. நீர்வேலியில் ஆளுக்கு நான்கு கதலிப்பழம். புத்தூரில், நான் எப்போதும் நிற்கிற தேநீர்க்கடையில், எண்ணெய் வடியாத உழுந்து வடை, இரண்டு ரூபா. சீனி இல்லாததால் தேத்தண்ணியோடு ஒரு துண்டு பனங்கட்டி. கடித்துக் கடித்துக் குடிக்க வேண்டும். சீனி வந்தாலும் இனிப் பனங்கட்டிதான் என்று கடைக்காரர் சத்தியம் பண்ணினார். நானும் பண்ணினேன்.

நேசன் நான்காவது வடையைப் பாதியில் வைத்துவிட்டான். என் கலியாணம் முடிந்த பதினொரு வருடத்தில் இப்படி ஒரு காட்சியை நான் கண்டதில்லை.

பத்து மணிக்கு வல்லை வெளி. இங்கேதான் எங்கள் கணக்குப் பிழைத்தது. இரண்டு பக்கமும் உப்புத் தரவை, ஒதுங்க ஒரு மரமில்லை. தை மாதத்து வாடைக்காற்று நேரே முகத்தில். எழும்பி நின்று மிதித்தாலும் சைக்கிள் நகராது. முனியப்பர் கோயிலடியில் இறங்கிக் கற்பூரம் கொளுத்திவிட்டு நின்றபோது தோசையும் இல்லை, இடியப்பமும் இல்லை. வயிறு வெறும் பை. நேசனைப் பார்த்தேன். அவனுக்கும் அதே கதி என்று முகத்தில் தெரிந்தது.

அங்கேதான் அவன் வாய் திறந்தான். பெண்ணின் பெயர் பவானி. தகப்பனின் பென்சன் விசயமாக யாழ்ப்பாணக் கச்சேரிக்கு, அந்த அரசாங்கக் கந்தோருக்கு, மூன்று தரம் வந்தவள். நேசன் அங்கே கிளாக்கர். மூன்றாம் தரம் அவள் போன பிறகுதான் தரகரைத் தேடிப் பிடித்து, தாய்க்குத் தெரியாமல், இந்தச் சம்பந்தத்தைத் தாயிடமே கொண்டுபோகச் சொல்லியிருக்கிறான்.

"இதுகும் குழம்பினால் நான் இனி ஒருத்தரையும் பாக்க வரமாட்டன், அத்தான்," என்றான்.

அம்மாவிடம் சொல்லேன் என்றேன். அவன் சைக்கிளை எடுத்துக் காற்றுக்கு எதிரே மிதிக்கத் தொடங்கினான்.

பதினொன்றேகால், நெல்லியடி. சந்தையிலிருந்து கால் மைல் தள்ளி, நல்ல கல்வீடு. பவானியின் தகப்பன் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். தாயில்லாத பிள்ளை அவள். மனிதர் தானே தட்டத்தைக் கொண்டுவந்து வைத்தார். பயத்தம் பணியாரம், அரியதரம், பருத்தித்துறைத் தட்டை வடை. ஐயோ! இப்போதுதான் சாப்பிட்டு வருகிறோம் என்றேன். மனிதர் பழைய ஆள், உடனே விளங்கிக்கொண்டார். இரண்டாம் தரம் எடுங்கோ என்று சொல்லவில்லை. தட்டத்தை மேசையின் மறுபக்கம் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, வெயிலைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். நேசன் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அமர்ந்திருந்தான்.

எனக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. முகம் கழுவப் போவதாகச் சொல்லிப் பின்வளவுக்குப் போனேன்.

பின்வளவில் பவானி உரலில் பனங்கிழங்கு இடித்துக்கொண்டிருந்தாள். நல்ல சேலையின் முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகியிருந்தாள். அவித்த கிழங்கோடு பச்சை மிளகாய், மிளகு, உள்ளி, தேங்காய்ப்பூ. அந்த வாசம் கிணற்றடியிலேயே என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது.

"வாளி அங்கை கிடக்கு," என்றாள்.

உது என்ன என்று கேட்டேன், தெரியாதவன் போல.

"கிழங்குத் துவையல். உங்களுக்கில்லை. நீங்கள் ஒண்டும் வாயிலை வைக்க மாட்டியள் எண்டு அப்பா சொன்னவர். இது எங்களுக்கு." உலக்கை நிற்கவேயில்லை.

என் கை போனது எனக்கே தெரியாது என்று சொன்னால் பொய். நன்றாகத் தெரியும். உரல் விளிம்பில் உருட்டி வைத்திருந்த உருண்டைகளில் ஒன்றை எடுத்து முழுசாக வாயில் போட்டேன். நேசனுக்காகச் செய்தேன் என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். அதுவும் பொய். கிழங்குக்காகத்தான் செய்தேன். அப்படி ஒரு துவையலை நல்லூரில் நான் தின்றதில்லை.

பவானி உலக்கையைச் சுவரோடு சாத்தினாள். "இனி வீட்டை போய் என்ன சொல்லப் போறியள்?"

வாய் நிறைய இருந்தது. விழுங்கிவிட்டு நேசனைக் கூப்பிட்டேன். அவன் வந்து என் தாடையைப் பார்த்தான், உரலைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். அவள் ஒரு வாழையிலைத் துண்டில் உருண்டை ஒன்றை வைத்து நீட்டினாள். வாங்கினான். நான்கு உருண்டை தின்றான். பென்சன் இப்போது ஒழுங்காக வருகிறதா என்று இடையில் கேட்டான். ஓம் என்றாள். அவ்வளவுதான் பெண் பார்த்தது. தேடிக்கொண்டு பின்னால் வந்த போஸ்ட்மாஸ்டர் எங்களைக் கண்டார். திரும்பிப் போய்த் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கே வந்துவிட்டார். அதையும் முடித்தோம்.

இரண்டரை மணிக்கு வெளிக்கிட்டோம். காற்று இப்போது முதுகில்; வல்லை வெளி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. நேசன் பாடிக்கொண்டு வந்தான். நானோ மாமியின் முகத்தை நினைத்துக்கொண்டு வந்தேன். அவன் கரியரில், இலையில் சுற்றிய ஒரு பொட்டலம். பவானி மாமிக்குக் கொடுத்துவிட்டது.

மாமி வாசலில் கதிரை போட்டு இருந்தார். சைக்கிளை நிறுத்துமுன் கேட்டார்.

"கை நனைச்சனியளோ?"

ஓம், முதலில் நான்தான் என்றேன். மாமியின் பார்வையை இங்கே எழுத வேண்டாம். உள்ளே என் மனைவி சிரிப்பை அடக்குவது கேட்டது. அப்போது நேசன் பொட்டலத்தோடு முன்னால் வந்து நின்றான்.

"நாலு உருண்டை திண்டனான், அம்மா. எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடிச்சிருக்கு."

எங்கள் ஊரில் கலியாணம் முடித்த ஆண்பிள்ளை பெண் வீட்டோடு போய்விடுவான். நான் இந்த வீட்டுக்கு வந்ததும் அப்படித்தான். நேசனும் நெல்லியடிக்காரன் ஆகிவிடுவான். மாமிக்கு அவன் ஒரே ஆண்பிள்ளை. மூன்று சம்பந்தமும் சீதனத்தில் முறியவில்லை என்பது, பதினொரு வருடம் ஒரே வீட்டில் இருந்தும், மாமி மகனை அண்ணாந்து பார்த்த அந்த நேரத்தில்தான் எனக்கு விளங்கியது.

மாமி கையை நீட்டினார். பொட்டலத்தை மடியில் வைத்துப் பிரித்தார். ஒரு கிள்ளுக் கிள்ளி வாயில் போட்டு நெடுநேரம் மென்றார். பிறகு இன்னொரு கிள்ளு.

"உப்புக் கொஞ்சம் கூட," என்றார் என்னைப் பார்த்து. "இவனுக்குக் குறையத்தான் போடவேணும் எண்டு அந்தப் பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கோ, தம்பி."