ஹேண்டில்பாரைப் பிடித்த கை

ஹேண்டில்பார் என்றால் வண்டியைத் திருப்பும் கம்பி என்றுதான் யாரும் பொருள் சொல்வார்கள்.

சங்கரன்கோவிலில் நாங்கள் சைக்கிளில் பள்ளிக்குப் போன நாட்களில், வீட்டுக்குக் கிளம்பும் தோழியை நிறுத்திப் பேச அதைத்தான் பிடித்துக்கொள்வோம். பேச்சு முடியும்வரை விடமாட்டோம்.

மேற்படிப்புக்கு நான் ஊரைவிட்டுப் போவதற்கு முதல் நாள், செல்வி என் சைக்கிளை அப்படித்தான் நிறுத்தினாள். "லெட்டர் போடுவியாட்டி?"

"போடுதேன், கைய எடு" என்றேன்.

ஒன்றுகூடப் போடவில்லை.

இன்று காலை கடைத்தெருவில் ஸ்கூட்டரைக் கிளப்பியபோது ஒரு கை வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தது. நிமிர்ந்து பார்க்கும் முன்பே யாரென்று தெரிந்துவிட்டது.

"ஏட்டி, லெட்டர் இன்னும் வரல."

வேலை, குடும்பம் என்று ஏதோ சொன்னேன். எனக்கே நம்பும்படி இல்லை.

"சரி, வீட்டுக்கு வா. பேசுவோம்."

"இன்னொரு நாள் வாரேன், செல்வி."

"அன்னைக்கு நான் கைய எடுத்ததுதான் தப்பு" என்று சொல்லி, ஸ்கூட்டர் சாவியை உருவிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அவள் வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உள்ளே இரண்டாவது காபி கொதிக்கிறது. சாவியை நான் இன்னும் கேட்கவில்லை.

லெட்டர் போடுவதாகச் சொல்லிவிட்டுப் போடாதவர்கள் இங்கே வேறு யாராவது இருக்கிறீர்களா? நான் மட்டும்தான் என்றால் கொஞ்சம் சங்கடமாக இருக்கும்.